பட்டணத்துக்கு வந்தவர்கள் – 17: சம்பளச் சீட்டோடு வந்த மருத்துவம்

சென்ற இதழை 1898-ஆம் ஆண்டுப் பிளேக்கோடு நிறுத்தியிருந்தோம். ரயிலேறி வந்த அந்த நோய் பெங்களூரின் பழைய பேட்டைகளைக் காலி செய்தது. வசதி உள்ளவர்கள் பசவனகுடிக்கும் மல்லேஸ்வரத்துக்கும் நகர்ந்தார்கள். அகலமான தெரு, மரம், தோட்டம், வீட்டுக்கு வீடு இடைவெளி என்று அந்தப் பகுதிகள் வேகமாக நிரம்பின. கூலிக்காரர்கள் எங்கே போனார்கள்? வேலை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கினார்கள். வேலை இருந்தது ஆலைகளிலும் தண்டவாளத்திலும். அப்படி நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்த குடியிருப்புகளில் ஒன்று ஒக்கலிபுரம்.

சிட்டி ரயில் நிலையத்துக்கு மேற்கே, தண்டவாளங்களைத் தாண்டினால் ஒக்கலிபுரம். வடக்கே ஸ்ரீராமபுரம். தெற்கே மாகடி ரோடு, அதை ஒட்டிப் பின்னி மில். பக்கத்திலேயே மினர்வா மில். மல்லேஸ்வரம் போகிற வழியில் ராஜா மில். ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்துக்குக் கடிகாரமே ஆலைச் சங்குதான்.

இங்கே தமிழ் கேட்பதற்குக் காரணம் பஞ்சமும் ரயிலும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு 1864-இல் ரயில் வந்தது. 1876-78 பெரும் பஞ்சம் மைசூர் சமஸ்தானத்தையும் மதராஸ் மாகாணத்தையும் சேர்த்துச் சுருட்டியது. 1871 கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்குச் சற்று மேலிருந்த மைசூரின் மக்கள்தொகை 1881-இல் 42 லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. பஞ்சம் ஓய்ந்து சில ஆண்டுகளில், 1884-இல் பெங்களூர் உல்லன் மில் தொடங்கியது. விரைவிலேயே அது மதராஸ் பின்னி கம்பெனியின் கைக்கு வந்தது. வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்து நிலமற்ற குடும்பங்கள், அவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர், அந்த ரயில் பாதையிலேயே மேலேறி வந்தார்கள். ஊரில் சேரி. இங்கே லைன் வீடு. அங்கே நெல்லாகக் கிடைத்த கூலி இங்கே காசாகக் கையில் விழுந்தது. அவர்களுக்கு அதுவே முதல் முன்னேற்றம்.

இந்த அத்தியாயத்தின் கேள்வி ஒன்றுதான். அந்தக் காசை நோய் வந்து பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க யார் என்ன செய்தார்கள்?

மகாராணியின் தர்மம்

முதல் பதில் அரண்மனையிலிருந்து வந்தது. விக்டோரியா மகாராணியின் வைரவிழா ஆண்டான 1897-இல், மைசூரின் ரீஜன்ட் மகாராணி வாணி விலாச சன்னிதானம் கோட்டைப் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1900 டிசம்பர் 8-ஆம் தேதி வைசிராய் கர்சன் அதைத் திறந்துவைத்தார். இன்றைக்கும் அந்த விக்டோரியா ஆஸ்பத்திரிதான் நகரத்து ஏழைகளின் கடைசி நம்பிக்கை. அதை அடுத்து 1935-இல் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் வாணி விலாஸ் ஆஸ்பத்திரி வந்தது. ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டும் நடந்து போகிற தூரம்.

அங்கே மருந்து இலவசம். ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற நாளுக்குக் கூலி கிடையாது. படுத்த படுக்கையாக ஒரு மாதம் கிடந்தால் ஒரு மாதச் சம்பளம் போயிற்று. பல சமயம் வேலையே போயிற்று. வாசலில் அடுத்த ஆள் நின்றுகொண்டிருப்பான். வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் நோய் தீர்ந்த பிறகும் தீராது. ஏழைக்கு நோயின் செலவு மருந்துப் புட்டியில் மட்டும் இல்லை என்பதை ஆலைத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தர்ம ஆஸ்பத்திரிக்கு அது எட்டாத கணக்கு.

1926-இல் பின்னி மில் தொழிலாளர்கள் போனஸ் கேட்டுக் கிளம்பினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது, பிறகு சுட்டது. நான்கு தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் கேட்டது மருத்துவத்தை அல்ல, பணத்தை. ஆனால் தர்மத்தை எதிர்பார்த்துக் கையேந்தி நின்ற கூட்டம், உரிமை என்று பேசத் தொடங்கிய காலம் அது. மருத்துவத்தையும் அந்த வரிசையில் சேர்க்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

ஒரே நேரத்தில் இரண்டு அறிக்கைகள்

இரண்டாம் உலகப் போரின் நடுவில், சாகக் கொடுத்த மக்களுக்கு அரசுகள் ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1942 டிசம்பரில் பெவரிஜ் அறிக்கை வந்தது. பிறப்பு முதல் சாவு வரை அரசு துணை நிற்கும் என்ற பேச்சு அங்கே பிறந்தது. அதன் அலை டெல்லியையும் தொட்டது. 1943-இல் இந்திய அரசு இரண்டு வேலைகளை இரண்டு பேரிடம் ஒப்படைத்தது.

ஒருவர் பேராசிரியர் பி.பி. அடார்க்கர். தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு எப்படி அமைக்கலாம் என்பது அவரிடம் கேட்ட கேள்வி. 1944-இல் அறிக்கை கொடுத்தார். துணி ஆலைகள், என்ஜினியரிங் ஆலைகள், கனிமமும் உலோகமும் என்ற மூன்று தொழில்களில் தொடங்கலாம், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து பணம் கட்டட்டும் என்றார். நோயில் கிடக்கும் நாளுக்கும் ஏதாவது தொகை கையில் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். விக்டோரியா ஆஸ்பத்திரி விட்டுவைத்த ஓட்டையைப் பார்த்து அளவெடுத்த திட்டம் இது.

மற்றவர் சர் ஜோசப் போர். அவர் தலைமைக் குழுவில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி இருந்தார். மதராஸின் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் இருந்தார். 1946-இல் வந்த அவர்கள் அறிக்கை அடார்க்கரின் வழியில் போகவில்லை. பணம் கட்ட முடியாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்பதை அடிப்படையாக வைத்தது. இந்த நாட்டில் பெரும்பாலோருக்குச் சந்தா கட்டும் வசதியே இல்லை, ஆகவே பொது வரிப் பணத்தில் எல்லோருக்கும் பேதமில்லாத மருத்துவம் என்றது. அரசுச் செலவில் 15 சதவீதமாவது சுகாதாரத்துக்கு ஒதுக்கக் கேட்டது.

போர் குழுவுக்கு ஆலோசனை சொல்ல 1944 கடைசியில் வந்தவர்களில் ஒருவர் ஹென்றி சிகரிஸ்ட். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ வரலாற்றுப் பேராசிரியர், சுவிட்சர்லாந்துக்காரர். எல்லோருக்கும் மருத்துவம் அரசின் கடமை என்று அமெரிக்காவில் உரக்கப் பேசியதால் பெயரும் பகையும் சம்பாதித்தவர். இந்தியா வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துக்கு இதே போன்ற ஒரு திட்டத்தை வகுத்துக் கொடுத்திருந்தார். சஸ்காட்செவன் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தது. 1962-இல் மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் பின்வாங்கவில்லை. கனடா முழுவதுக்கும் பரவிய பொது மருத்துவம் அங்கேதான் வேர்பிடித்தது. சிகரிஸ்ட் தங்கியிருந்த அமெரிக்கா அவர் பேச்சைக் கேட்கவில்லை. 1947-இல் அவர் அந்த நாட்டை விட்டே போனார்.

இந்தியா எதைக் கேட்டது? இரண்டு அறிக்கைகளும் மேசையில் இருந்தன. 1948 ஏப்ரலில் சட்டமானது அடார்க்கரின் வழி: தொழிலாளர் அரசுக் காப்பீடு, மக்கள் வாயில் இ.எஸ்.ஐ. போர் அறிக்கையிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணம் கிராமங்களுக்குப் போனது. 15 சதவீதம் அறிக்கையிலேயே தங்கிவிட்டது. எல்லோருக்கும் என்ற சொல் ஒத்திப்போடப்பட்டது. வேலையில் இருப்பவருக்கு என்ற சொல் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

அமெரிக்காவின் வழியும் இதுவே

அமெரிக்காவின் கதையை இங்கே கொஞ்சம் சொல்வது அவசியம். போர்க் காலத்தில், 1942-இல், அந்த நாட்டு அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வைத்தது. ஆள் தட்டுப்பாடு. கூடுதல் சம்பளம் கொடுக்க முடியாத கம்பெனிகள், மருத்துவக் காப்பீடு தருகிறோம் என்று தொழிலாளர்களை இழுத்தன. தற்காலிக ஏற்பாடாக வந்தது வரிச்சலுகையின் துணையோடு நிலைத்துவிட்டது. 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன், நாட்டு மக்கள் எல்லோருக்கும் ஒரே காப்பீடு வேண்டும் என்று காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதைச் சோஷலிச மருத்துவம் என்று பெயரிட்டுச் சாய்த்தது. 1965-இல் முதியோருக்கு மெடிகேர், பரம ஏழைகளுக்கு மெடிகெய்ட். 2010-இல் ஒபாமாவின் சட்டம். ஒவ்வொன்றும் விடுபட்டவர்களில் ஒரு பகுதியை உள்ளே இழுத்தது. வேலைக்கும் மருத்துவத்துக்கும் போட்ட முடிச்சு மட்டும் அவிழவில்லை. வேலை போனால் காப்பீடும் போகும் என்ற அச்சத்தில் பிடிக்காத வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் அங்கே ஏராளம்.

டெட்ராய்ட் கார்த் தொழிலாளியும் பின்னி மில் நெசவாளியும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் இருவரின் மருத்துவமும் ஆலை வாசலில்தான் நின்றது.

மில்லுக்காரர் வீட்டுச் சீட்டு

இ.எஸ்.ஐ. திட்டத்தை 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். பெங்களூருக்கு அது 1958-இல் வந்தது. தொழிலாளியின் குடும்பத்தாருக்கும் மருத்துவம் என்ற விரிவு நாட்டில் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். மின்சாரத்தில் ஓடுகிற, இருபது பேருக்குக் குறையாத ஆலை. மாதச் சம்பளம் 400 ரூபாய்க்கு மேற்படாத ஆள். இதுதான் தொடக்கத்தில் எல்லை. சம்பளத்தில் சிறு பிடித்தம், முதலாளியின் பங்கு தனி. பதிலுக்கு டிஸ்பென்சரி, ஆஸ்பத்திரிப் படுக்கை, நோய் நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி, பெண்களுக்குப் பேறுகாலத் தொகை, வேலையில் கை கால் போனால் ஈட்டுத்தொகை. காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்குக் கூடுதல் காலம்.

இந்த வசதியைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. பஞ்சுத் தூசி நுரையீரலில் இறங்கிய ஒரு நூற்பாலைத் தொழிலாளி, முதன்முறையாக, கூலி முழுதும் போகாமல் படுத்திருக்க முடிந்தது. ராஜாஜிநகரில் எழுந்த இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் வீடுகளுக்கு அதுவரை இல்லாத ஒரு மதிப்பைக் கொடுத்தது. அங்கே போகிறவர் தர்மத்துக்குப் போகவில்லை. தன் பணம் இருக்கிற இடத்துக்குப் போகிறார். மில்லு வேலைக்காரன் என்றால் கல்யாணச் சந்தையில் கிடைத்த மரியாதைக்கு, மாதச் சம்பளத்தோடு அந்த இ.எஸ்.ஐ. சீட்டும் ஒரு காரணம்.

அந்தச் சீட்டு எல்லா வீட்டிலும் இல்லை. ஒரே லைன் வீட்டு வரிசையில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளி. பக்கத்து வீட்டுக்காரர் பதிலி. ஆள் குறைந்த நாளில்தான் அவருக்கு வேலை. அடுத்தவர் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். அதற்கடுத்த வீட்டு அம்மா மல்லேஸ்வரத்தில் பாத்திரம் தேய்ப்பவர். பின்னால் இருப்பவர் நகரத்தின் குப்பையை வாருபவர். எல்லோரும் குடித்தது ஒரே குழாய்த் தண்ணீர், சுவாசித்தது ஒரே புகை. வந்த நோயும் ஒன்றுதான். மருத்துவம் மட்டும் வேறு வேறு.

பெங்களூரிலிருந்து அல்மா ஆட்டாவுக்கு

இந்த ஏற்றத்தாழ்வைக் கேள்வி கேட்ட ஒரு நிறுவனமும் பெங்களூரிலேயே இருந்தது. 1959-இல் பெல்லாரி சாலையில் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. அதே ஆண்டில் வெளியான மதராஸ் ஆய்வு ஒன்று, சானடோரியத்தில் படுக்கவைத்தாலும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் காசநோய் ஒரே அளவில் குணமாகிறது என்று காட்டி உலகத்தை வியக்கவைத்திருந்தது. மாடமாளிகை ஆஸ்பத்திரி இல்லாமலேயே ஏழையைக் குணப்படுத்தலாம் என்று அதற்குப் பொருள்.

பெங்களூர் நிறுவனத்தின் சமூகவியலாளர் குழு தும்கூர் மாவட்டக் கிராமங்களுக்குப் போனது. ஏழைகளுக்கு நோயைப் பற்றிய அறிவு இல்லை, அதனால் மருத்துவம் தேடுவதில்லை என்பது அன்றைய அதிகாரிகளின் நம்பிக்கை. டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் 1963-இல் வெளியிட்ட முடிவு அதைத் தலைகீழாக்கியது. காசநோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கனவே மருத்துவம் தேடிப் போயிருந்தார்கள். இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். குறை நோயாளியிடம் இல்லை, வாசலில் இருந்தது.

அந்தக் காலத்தில் இந்தியாவின் காசநோய்த் திட்டத்தோடு பத்தாண்டு அளவுக்கு உழைத்த உலகச் சுகாதார நிறுவன அதிகாரி ஹால்ஃப்டன் மாலர் என்ற டென்மார்க்காரர். 1973-இல் அவர் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். 1978-இல் சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரத்தில் கூடிய மாநாட்டில், 2000-ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் ஆரோக்கியம் என்று உலக நாடுகள் அறிவித்தபோது அதன் முன்னணியில் நின்றவர் அவர். இந்தியக் கிராமங்களில் கற்ற பாடமும் அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருந்தது. ஓராண்டு போவதற்குள், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இத்தாலியின் பெல்லாஜியோவில் கூட்டிய கூட்டத்தில், எல்லாம் முடியாது, செலவு குறைந்த சில சிகிச்சைகளை மட்டும் தேர்ந்தெடுப்போம் என்ற குரல் எழுந்தது. எல்லோருக்கும் என்ற சொல் இரண்டாவது முறையாகச் சுருங்கியது.

மினர்வா மில்லின் தீர்ப்பு

இதற்கிடையில் ஒக்கலிபுரத்துப் பிள்ளைகளில் கொஞ்சம் பேர் மேலேறினார்கள். எச்.ஏ.எல், ஐ.டி.ஐ, எச்.எம்.டி, பி.இ.எல். என்று அரசுத் தொழிற்சாலைகள் நகரத்தைச் சுற்றி எழுந்திருந்தன. தகப்பன் நெசவாளி, மகன் ஃபிட்டர். தகப்பனுக்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, மகனுக்குத் தொழிற்சாலையின் சொந்த ஆஸ்பத்திரி. ஒரு தலைமுறையில் ஏற முடிந்த உயரம் அவ்வளவு. அந்த அரசுத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, மேலேறலாம் என்ற நம்பிக்கையின் உச்சமும் தெரிந்தது, சரிவின் தொடக்கமும் தெரிந்தது.

அதே 1980-இல், ஜூலை 31-ஆம் தேதி, பக்கத்து ஆலையின் பெயர் இந்திய அரசியல் சட்ட வரலாற்றில் நிலையாகப் பதிந்தது. நலிந்துபோன மினர்வா மில்லின் நிர்வாகத்தை மத்திய அரசு 1971-இல் எடுத்துக்கொண்டு, 1974-இல் தேசியமயமாக்கியிருந்தது. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். நானி பல்கிவாலா வாதாடினார். வழக்கு ஆலையைத் தாண்டி, நெருக்கடிநிலைக் காலத்து 42-ஆவது திருத்தத்தைத் தொட்டது. மக்கள் நலனுக்கான வழிகாட்டு நெறிகளை நிறைவேற்றுகிறோம் என்று சொல்லி அடிப்படை உரிமைகளை அரசு தள்ளிவிடலாமா? தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான பெரும்பான்மை, கூடாது என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று சமன். அந்தச் சமநிலையே அரசியல் சட்டத்தின் அடித்தளம் என்றது. நலனுக்கான சட்டங்களுக்கு முன்னுரிமை கொடுப்பது அடித்தளத்தைக் குலைக்காது என்று நீதிபதி பகவதி இந்தப் புள்ளியில் மாறுபட்டார்.

மக்களின் ஆரோக்கியத்தை உயர்த்துவது அரசின் முதல் கடமைகளில் ஒன்று என்று சொல்லும் 47-ஆவது பிரிவும் அந்த வழிகாட்டு நெறிகளில்தான் இருக்கிறது. நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாத கடமை அது. 1996-இல் உச்ச நீதிமன்றம், உயிருக்குப் போராடுபவரை அரசு மருத்துவமனை திருப்பி அனுப்புவது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று கூறி அந்தக் கடமைக்குக் கொஞ்சம் பல் வைத்தது. மினர்வா மில்லில் வேலை பார்த்தவருக்கு இந்தத் தீர்ப்புகளால் என்ன கிடைத்தது? சட்டக் கல்லூரிகளில் ஆலையின் பெயர் நிலைத்தது. ஆலை நிலைக்கவில்லை.

நூற்றாண்டு மாறும் தறுவாயில் இந்த வட்டாரத்து ஆலைச் சங்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ராஜா மில் இருந்த நிலத்தில் 2010-இல் மந்திரி ஸ்கொயர் மால் திறந்தது. பின்னி மில் நிலத்தில் அடுக்குமாடிகளும் ஒரு மாலும் வந்தன. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள், பணத்தோடு வேறொன்றும் கைவிட்டுப் போனதைப் பிறகுதான் உணர்ந்தார்கள். சந்தா நின்றால் சில மாதங்களில் இ.எஸ்.ஐ. மருத்துவமும் நிற்கும். பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி மருத்துவத்தைத் தொடர வழி உண்டு. ஆலை மூடி வேலை இழந்தவருக்குச் சில மாதம் உதவித்தொகையும் மருத்துவமும் தரும் திட்டத்தை இ.எஸ்.ஐ. 2005 ஏப்ரலில்தான் கொண்டுவந்தது. நாற்பது வயதில் நூற்பாலைத் தூசியோடு தெருவுக்கு வந்தவர்களில் பலருக்கு அது காலம் கடந்த உதவி. நோய் முற்றுகிற வயதும் சீட்டு பறிபோகிற வயதும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

கார்டுகளின் காலம்

அடுத்து வந்தது அட்டைகளின் காலம். 2003-இல், இதய அறுவை நிபுணர் தேவி ஷெட்டியின் முயற்சியோடு, யஷஸ்வினி. ஆண்டுக்கு 60 ரூபாய் கட்டினால் அறுவைச் சிகிச்சை. அருமையான திட்டம், ஆனால் கூட்டுறவுச் சங்கத்து விவசாயிகளுக்கு. ஒக்கலிபுரத்து மூட்டைக்காரர் எந்தச் சங்கத்தில் சேருவார்? 2010-இல் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ, குல்பர்கா பக்கம் தொடங்கிப் படிப்படியாகப் பரவியது. ஆய்வாளர்கள் திட்டம் இருந்த ஊர்களையும் எல்லைக்கு அப்பால் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு 2014-இல் எழுதினார்கள்: திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏற்படும் சாவு 64 சதவீதம் குறைவு. மருத்துவம் உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 2018-இல் இவை ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்ய கர்நாடகா என்று ஒன்றாயின. வறிய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பகுதி.

இந்த அட்டைகள் படுக்கையில் சேர்ந்த பிறகு வேலை செய்பவை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அவை உதவுவதில்லை. பெங்களூரின் கிழக்கே காடுகொண்டனஹள்ளியில் பொதுச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு 2012-இல் வெளியானது. நீடித்த நோயுள்ளவர்கள் இருக்கும் வீடுகளில் 16 சதவீதம், வெளிநோயாளி மருத்துவத்துக்கு மட்டும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவழித்தன. அந்தச் செலவு ஒரே மாதத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்களின் எண்ணிக்கையை இருமடங்காக்கியது. சின்னச் சின்னச் செலவு, ஓயாத செலவு.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் அனிருத் கிருஷ்ணா, ராஜஸ்தானிலும் ஆந்திரத்திலும் ஆப்பிரிக்க நாடுகளிலும், அமெரிக்காவிலேயும்கூட, குடும்பங்கள் ஏன் வறுமையில் விழுகின்றன என்று ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டவர். எங்கு கேட்டாலும் பதில்களில் முன்னால் நின்றது நோய். அவரே பெங்களூரின் 14 குடிசைப் பகுதிகளை ஆராய்ந்து 2013-இல் எழுதினார். தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களே அங்கே அதிகம். வீட்டில் கேஸ் அடுப்பு, டி.வி. வந்திருக்கின்றன. வேலையின் தரம் பெரிதாக மாறவில்லை. ஐ.டி. நகரத்தின் நடுவே இருந்தும் அந்த வேலைகளுக்குப் போனவர்கள் அபூர்வம்.

பரமபதம் ஆடியவர்களுக்கு இது புரியும். ஏணிகள் குட்டை, பாம்புகள் நீளம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த பணத்தைத் தகப்பனின் டயாலிசிஸ் விழுங்கினால், அந்த மகள் கார்மென்ட்ஸுக்குப் போகிறாள். அமெரிக்காவிலும் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினரின் கணக்கு இதை ஒத்த சரிவைச் சொல்கிறது. 1940-இல் பிறந்தவர்களில் 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது வாய்த்தது. உழைத்தால் உயரலாம் என்று உலகத்துக்குச் சொன்ன நாட்டின் நிலை அது.

யாரைக் கேட்பது?

இன்றைய ஒக்கலிபுரத்துப் பெண்களில் பலர் கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள். இ.எஸ்.ஐ. மீண்டும் வீட்டுக்கு வந்திருக்கிறது, பெண்ணின் சம்பளச் சீட்டு வழியாக. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு அது உண்டு. வேலை போனால் மறுபடி பழைய கதை. வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதை எதிர்த்து, 2016 ஏப்ரலில் பெங்களூர்ச் சாலைகளை மறித்து உட்கார்ந்தவர்கள் இந்தப் பெண்கள்தான். பெரிய சங்கங்களின் அழைப்பு இல்லாமல் திரண்ட கூட்டம். இரண்டே நாளில் அரசு அந்த ஆணையைக் கைவிட்டது. அவசரத்துக்குக் கை வைக்க அவர்களுக்கு இருந்த சேமிப்பு அது ஒன்றே. அந்த அவசரங்களில் மருத்துவத்துக்குத் தனியிடம் உண்டு.

2022 டிசம்பரில் கர்நாடகம் நம்ம கிளினிக்குகளைத் தொடங்கியது. பெங்களூரில் வார்டுக்கு ஒன்று என்பது திட்டம். வருபவரிடம் சம்பளச் சீட்டோ வறுமை அட்டையோ கேட்காமல் மருந்தும் சாதாரணப் பரிசோதனையும் தருவது அவற்றின் வேலை. கட்டடம் சின்னது, பெயரும் எளிது. ஆனால் 1946-இல் போர் குழு எழுதி ஒத்திப்போடப்பட்ட எண்ணம் அதில்தான் இருக்கிறது. அதற்குப் போதிய மருத்துவரும் மருந்தும் தருவார்களா, அதன் பின்னால் விக்டோரியாவிலும் ராஜாஜிநகரிலும் படுக்கை இருக்குமா என்பதைப் பொறுத்தே அந்த எண்ணம் பிழைக்கும்.

எல்லோருக்கும் மருத்துவம் கொடுக்க ஏது பணம் என்று அமெரிக்காவிலும் கேட்கிறார்கள், இங்கும் கேட்கிறார்கள். ஒக்கலிபுரத்தின் நூறாண்டுக் கணக்கைப் புரட்டினால் பணம் எப்போதும் செலவாகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. வட்டியாக, விற்ற நகையாக, பாதியில் நின்ற படிப்பாக. மருத்துவத்துக்குச் செலவழிப்பதா வேண்டாமா என்பது இங்கே ஒருபோதும் கேள்வியாக இருந்ததில்லை. அதைத் தனித்தனி வீடுகள் தாங்குவதா, ஊர் சேர்ந்து தாங்குவதா என்பதே கேள்வி. மகாராணி தர்மமாகவும், ஆலை சம்பளத்தின் துணையாகவும், அரசு அட்டையாகவும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. குடிமக்களின் உரிமையாகக் கொடுப்பது ஒன்றுதான் இன்னும் முழுதாகச் செய்துபார்க்காத வழி.

படிப்பு பாதியில் நின்றது என்றோம். அந்தப் படிப்பு எந்த மொழியில் தொடங்கியது, எங்கே தடுக்கி விழுந்தது? ஆலைப் பகுதியின் தமிழ்வழிப் பள்ளிகளைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)